ரேகை மேலெழுந்தால் மாரடைப்பா?

நடுநிசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வைத்தியசாலைக்கு வருகிறார். அவருடைய மார்பிலும் கைகால்களிலும் 10 இடங்களில் மின்வாய்களைப் பொருத்துகிறார்கள். ஒரு சிறு யந்திரம் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு இழுத்துத் தள்ளுகிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்து 10 நிமிஷங்களுக்குள் ஒரு டாக்டர் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும் என்பது இன்றைய வைத்திய விதி. மாரடைப்பென்றால், இருதயத்தின் இரத்தக் குழாயை அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தாமதமின்றி ஏற்ற வேண்டும். அல்லது குழாயைத் திறக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மாரடைப்பல்ல என்றால் அந்த மருந்தைத் தொடவே கூடாது. வீணாக ஏற்றினால் மூளையில் இரத்தம் கசிந்து மனிதன் மாண்டுபோகலாம். ஏற்ற வேண்டியவனுக்கு ஏற்றாமல் விட்டாலோ, இருதயத் தசை மடிந்து அதனாலேயே அவன் மாண்டுபோகலாம். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குளம்.

இது டாக்டர்களின் தொழில் விவகாரம், நமக்கென்ன என்று பொதுஜனங்கள் இருந்துவிட முடியாது. எந்த ஊரில் அந்த யந்திரம் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் இரவு 2 மணிக்கு அங்கே இருக்கிறாரா, இல்லையென்றால் தெரிந்த ஒருவரிடம் அந்தக் காகிதம் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரும் என்பவையெல்லாம் ராஜாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள். கேட்பதற்கு முன்னால் விஷயம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மேடவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையும், சோழிங்கநல்லூர்ச் சாலையும், மாம்பாக்கம் சாலையும் கூடுகிற இடம். ஏரியும் வயலுமாக இருந்த கிராமம் இன்று மாடி வீடுகளால் நிரம்பியிருக்கிறது. அரசின் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. சாலையோரத்தில் கிளினிக்குகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் குறைவில்லை. இத்தகைய ஊரில் இ.சி.ஜி. எடுப்பது கஷ்டமான காரியமல்ல. எடுத்ததைச் சரிவரப் படிப்பதுதான் கஷ்டம்.

அந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது? ஒவ்வொரு துடிப்பின்போதும் இருதயத்தில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுந்து பரவி அடங்குகிறது. மனித தேகத்தின் மேற்புறத்திலிருந்தே அதை அளந்து காட்டலாம் என்று 1887ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் நிரூபித்தார். அதைத் துல்லியமாக வரையும் யந்திரத்தை ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் அமைத்தார். 1924ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவருடைய யந்திரம் சுமார் 270 கிலோ எடை. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்று அதே வேலையை ஒரு கைப்பெட்டியளவு யந்திரம் செய்கிறது. காகிதம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் ஓடுகிறது. ஆகவே சின்னக் கட்டம் ஒன்று விநாடியில் 25ல் ஒரு பங்கு. இருதயத்தை 12 திக்குகளிலிருந்து பார்ப்பதுபோல 12 வரைவுகள் கிடைக்கின்றன.

ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் ஒரு சிறு மேடு, பிறகு கூர்மையான ஒரு சிகரம், பிறகு ஓர் அகன்ற மேடு என்று கோடு போகிறது. சிகரத்துக்கும் கடைசி மேட்டுக்கும் நடுவிலுள்ள துண்டுக்கு எஸ்.டி. பகுதி என்று பெயர். சாதாரணமாக அது அடிக்கோட்டோடு சமமாக ஓடும். இருதயக் குழாய் திடீரென அடைபட்டால், இரத்தமில்லாமல் துடிக்கும் தசையின் மின்நிலை மாறி, அந்தத் துண்டு மேலே தூக்கிக்கொள்கிறது. நியூயார்க்கில் ஹரால்டு பார்டி என்ற வைத்தியர் 1920ல் இதை எடுத்துரைத்தார். அப்பொழுது அதைக் கண்டும் செய்வதற்கு அதிகமில்லை. படுக்கையும் ஓய்வுமே சிகிச்சை. நிலைமை மாறியது 1980களில். இத்தாலியில் 11,806 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 1986ல் வெளிவந்தது; பல தேசங்களில் 17,187 பேரிடம் நடந்த இன்னொன்றின் முடிவு 1988ல். இந்த இரண்டாவது பரிசோதனையில், ஸ்டிரெப்டோகைனேஸ் என்னும் கட்டி கரைக்கும் மருந்தையும் ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் நூற்றுக்கு 8. ஒன்றும் கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 13. அன்றிலிருந்து எஸ்.டி. பகுதி மேலெழுந்திருக்கிறதா என்பது சிகிச்சையின் வாசற்கதவாயிற்று. எழுந்திருந்தால் மருந்து, எழாவிட்டால் பொறு.

விதி எளிது. எளிதாக இருப்பதாலேயே அதில் ஆபத்தும் இருக்கிறது. ரேகை மேலெழுவதற்கு மாரடைப்பு மட்டும் காரணமல்ல.

முதலாவதாக, ஆரோக்கியமே ஒரு காரணம்! அமெரிக்க விமானப் படையில் நோயற்ற 6,014 ஆடவருக்கு ரேகை எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 91 பேருக்கு மார்பின் முன்புற வரைவுகளில் ஏதாவதொன்றில் எஸ்.டி. பகுதி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை உயர்ந்தே இருந்தது. திடகாத்திரமான வாலிபனுக்கு அது இயல்பு. இதனால்தான் எவ்வளவு உயர்ந்தால் சந்தேகிக்கலாம் என்பதற்கு வயதும் பாலும் பார்க்கிறார்கள். வி2, வி3 என்ற இரண்டு வரைவுகளில் 40 வயதுக்குக் குறைந்த ஆணுக்கு 2.5 மில்லிமீட்டர், அதற்கு மேற்பட்டவருக்கு 2, பெண்ணுக்கு 1.5, மற்ற வரைவுகளில் எல்லோருக்கும் 1. அரை மில்லிமீட்டரில் ஒரு குடும்பத்தின் கதி மாறுகிறது.

இருதயத்தைச் சுற்றியுள்ள உறை அழன்றாலும் ரேகை மேலெழும். நம் தேசத்தில் இந்த உறையைத் தாக்கும் வியாதிகளில் க்ஷயம் முக்கியமானது. 1928ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் நிறுவிய காலத்திலிருந்து தென்சென்னைப் பகுதியார் அறிந்த நோய்தான். உறை அழற்சியில் மூச்சை இழுத்தால் வலி குத்தும். மல்லாந்து படுத்தால் அதிகரிக்கும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் தணியும். ரேகையும் ஏறக்குறைய எல்லா வரைவுகளிலும் சேர்ந்தாற்போல் உயரும். இந்த நோயாளிக்குக் கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றினால், உறைக்குள் இரத்தம் கசிந்து இருதயத்தையே நெருக்கிவிடக்கூடும்.

இரத்த அழுத்தத்தைப் பல வருஷம் கவனியாமல் விட்டவருக்கு இருதயச் சுவர் தடித்துப்போகிறது. அவருடைய ரேகை தினமும் மேலெழுந்தே இருக்கும். முன்பொருமுறை மாரடைப்பு வந்து சுவர் மெலிந்து புடைத்தவருக்கும் அப்படியே. இருதயத்தின் இடப்பக்க மின்பாதை தடைபட்டவரின் ரேகை முழுவதுமே கோணலாகிவிடும். அது புதிதாகத் தோன்றியதென்று கருதினால் மாரடைப்பாகவே பாவித்து மருந்து ஏற்றலாம் என்பது பல வருஷ வழக்கம். 2013ல் அமெரிக்க இருதய வைத்தியர்கள் தங்கள் விதியிலிருந்து அதை நீக்கினார்கள். சிறுநீரகம் பழுதானவர் இரத்தச் சுத்திகரிப்பை ஒரு தடவை தவறவிட்டால், பொட்டாசியம் ஏறி ரேகை மாரடைப்புப்போல வேஷம் போடும். அவருக்கு வேண்டியது கால்சியம் ஊசியும் சுத்திகரிப்பும்.

தேள் கொட்டினாலும் ரேகை மாறும் என்பதை நகரவாசிகள் நம்பமாட்டார்கள். செந்தேள் விஷம் இருதயத் தசையைத் தாக்குகிறது. மார்பு ரேகைகள் மாரடைப்பைப்போலவே தோன்றலாம். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரிலிருந்துகொண்டு டாக்டர் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையால் அந்த நோயாளிகளைப் பிழைக்க வைத்துக் காட்டினார். பெரிய கல்லூரிகள் செய்ய வேண்டிய வேலையை ஒரு சிற்றூர் வைத்தியர் செய்தார்! நமது கிராமங்களில் அடிக்கடி கேள்விப்படும் அரளி விஷமும் இருதய ரேகையை மாற்றுகிறது. ஆனால் அதில் எஸ்.டி. பகுதி உயராமல் கீழே தொய்யும்.

துக்கத்தாலும் ரேகை மேலெழலாம். நடுவயது கடந்த பெண்மணி, பிள்ளையையோ கணவரையோ இழந்த செய்தி கேட்டு நெஞ்சுவலியோடு விழுகிறாள். ரேகை மாரடைப்பென்கிறது, குழாய்களைப் படமெடுத்துப் பார்த்தால் அடைப்பு இல்லை. இருதயத்தின் நுனி மட்டும் பலூனைப்போல் ஊதியிருக்கிறது. ஜப்பானிய வைத்தியர்கள் 1990ல் இதற்கு வைத்த பெயர் டக்கோட்சுபோ. ஆக்டோபஸ் பிடிக்கும் மண்பானைக்கு அந்நாட்டில் அதுதான் பெயர். துக்கம் நெஞ்சை அடைத்தது என்று நம் தாய்மார் சொல்வதை இனி வெறும் அலங்காரம் என்று தள்ள வேண்டாம்.

இவ்வளவும் இருப்பதால் மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளும் ஏமாறுகின்றன. அமெரிக்காவில் மினியாபொலிஸ் இருதய நிலையத்தார் 2007ல் வெளியிட்ட கணக்கு இது: ரேகையைப் பார்த்து மாரடைப்பென்று அவசரமாகக் குழாய்ப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்ட 1,335 பேரில், நூற்றுக்கு 14 பேருக்குக் காரணமான அடைப்பு எதுவும் காணப்படவில்லை. அங்கே உடனே படமெடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்; ஆகவே தவறு உடனே தெரிந்துபோகிறது. படமெடுக்கும் வசதியில்லாத சிற்றூர் ஆஸ்பத்திரியில், கிடைப்பது மருந்து ஒன்றுதான். ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அப்படியானால் அனுபவசாலி எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்? முதலில் அவர் காகிதத்தைப் பார்ப்பதில்லை, நோயாளியைப் பார்க்கிறார். வயது, வியர்வை, வலி எங்கே தொடங்கி எங்கே பரவியது, எத்தனை நேரமாக, சர்க்கரை வியாதி உண்டா, புகையிலை உண்டா? வலி முதுகைக் கிழித்துக்கொண்டு போயிற்றா என்றும் கேட்கிறார். பெரிய தமனியின் சுவர் கிழிந்தால் அப்படி வலிக்கும். அதற்கும் மாரடைப்பு மருந்தைக் கொடுத்தால் எமனுக்குக் கதவு திறந்ததாகும். பிறகு ரேகைக்கு வருகிறார். மாரடைப்பில் ஓர் இரத்தக் குழாய் பாயும் பிரதேசத்தில் மட்டுமே எஸ்.டி. பகுதி உயரும், அதற்கு எதிர்ப்புறம் பார்க்கும் வரைவுகளில் பெரும்பாலும் தாழும். தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்குவதுபோல. உறை அழற்சியில் இந்தத் தராசுக் கணக்கு பெரும்பாலும் இராது. உயர்ந்த பகுதி புன்னகைபோல் குழிந்திருக்கிறதா, குன்றுபோல் குவிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். குவிந்திருந்தால் சந்தேகம் பலக்கும். குழிந்திருந்தால் நிச்சயமாகத் தப்பித்தோம் என்று அர்த்தமல்ல.

இவை எல்லாவற்றையும்விட இரண்டு காரியங்கள் அதிகம் பயன்படுகின்றன. இரண்டும் மலிவானவை. ஒன்று, கால் மணி கழித்து இன்னொரு ரேகை எடுப்பது. மாரடைப்பு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். வாலிபனின் இயல்பான மேடும், தடித்த சுவரின் மேடும் பெரும்பாலும் மாறாமல் நிற்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி இங்கே செல்லாது. மற்றொன்று, அதே மனிதரின் பழைய ரேகையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஜனங்களை அதிகம் கொல்லுவது மறுபக்கந்தான் என்று நினைக்கிறோம். ரேகை சாதாரணமாக இருக்கிறது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. முதல் ரேகை பல சமயம் ஒன்றையும் காட்டாது. இருதயத்தின் பின்சுவரில் அடைப்பு ஏற்பட்டால், முன்மார்பு வரைவுகளில் எஸ்.டி. பகுதி உயர்வதற்குப் பதிலாகத் தாழும். முதுகுப்புறம் மின்வாய் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். எஸ்.டி. உயராத மாரடைப்புக்காரர்களைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017ல் ஐரோப்பிய இருதயச் சஞ்சிகை வெளியிட்டது. அவர்களில் சுமார் நாலில் ஒரு பங்கினருக்குக் குழாய் முழுவதும் அடைபட்டே இருந்ததாம். ஆகவே ரேகை எழுந்ததா என்று கேட்பதை விட்டு, குழாய் அடைபட்டதா என்று கேளுங்கள் என ஸ்டீபன் ஸ்மித் முதலிய அமெரிக்க அவசரச் சிகிச்சை வைத்தியர்கள் 2018 முதல் வாதாடி வருகிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயமிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

நம்மூரில் இதோடு இன்னொரு சங்கடம். நெஞ்சு கரித்தால் அது வாயு; கை வலித்தால் அது சுளுக்கு. சோடா குடித்து, இஞ்சி தின்று, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். சர்க்கரை வியாதியஸ்தருக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாக வருவதுமில்லை. இந்தியாவில் 89 ஆஸ்பத்திரிகளில் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2008ல் லான்செட் சஞ்சிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! மருந்து அதிகப் பலன் தருவது முதல் இரண்டு மூன்று மணிக்குள். அதற்குப் பிறகு மிகச் சமர்த்தான டாக்டர் மிகச் சரியாக ரேகையைப் படித்தும், காப்பாற்ற மிஞ்சியிருப்பது பாதித் தசைதான்.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல காரியத்தைச் செய்து காட்டியிருக்கிறது. கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டரும், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, 2012 முதல் 2014 வரை ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். குழாயைத் திறக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியைச் சக்கரத்தின் குடமாக வைத்து, சுற்றிலுமுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளை ஆரக்கால்களாக அதோடு இணைத்தார்கள். இப்படி 4 தொகுதிகள். 35 சிறிய ஆஸ்பத்திரிகள். ரேகை கம்பியில்லா வழியில் அனுபவசாலிகளின் கண்ணுக்கு உடனே போய்ச் சேர்ந்தது. மருந்தை ஊரிலேயே ஏற்றிவிட்டு, பிறகு குழாய்ப் படமெடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பலன் 2017ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இருதயச் சஞ்சிகையில் வெளியாயிற்று. திட்டத்துக்கு முன் 898 நோயாளிகள், பின் 1,522 நோயாளிகள். குழாய்ப் படம் எடுக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 35லிருந்து 61 ஆக உயர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை, முன்பு 5.8, பின்பு 5.6. ஆனால் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்காகையால் எல்லாப் புகழையும் திட்டத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. எனினும் நூறு பேரில் மூன்று பேர் கூடுதலாக வீட்டில் உயிரோடிருக்கிறார்கள் என்பது சிறிய விஷயமா?

அரசாங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 108 ஆம்புலன்ஸ் 2008ல் வந்தது. 2023ல் இதயம் காப்போம் திட்டம் என்று ஆரம்பித்து, நெஞ்சுவலியோடு வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வஸ்டாடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்தார்கள். அதே வருஷம் ஜூனில் கிண்டியில் பெரிய பன்னோக்கு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மேடவாக்கத்துக்கு அது ஒரு வரம். சாலை நெரிசல் மட்டும் வழிவிட வேண்டும். மாத்திரை இருப்பது நல்லது. ஆனால் மாத்திரை கொடுக்கிறவர் எடுக்கும் ரேகையை யார் படிக்கிறார்கள்? இன்று பலவிடங்களில் நடப்பது என்னவென்றால், இளம் டாக்டர் கைபேசியில் ரேகையைப் படம்பிடித்து, தெரிந்த பெரிய டாக்டருக்கு அனுப்புகிறார். அவசரத்துக்குப் பாவமில்லை. ஆனால் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு எந்த வரைவு எதுவென்று தெரியாமல் போகிறது, அளவுக்குறி விழவில்லை, காகிதம் சுருண்டு, சமமான கோடு மேடாகத் தெரிகிறது. நோயாளியின் வயதைக்கூட எழுத மறந்துவிடுகிறார்கள். நட்பின் பேரில் நடக்கும் இந்தக் காரியத்தை ஒழுங்கான ஏற்பாடாக்குவதுதான் ராஜாங்கம் செய்ய வேண்டியது.

யந்திரமே தன் அபிப்பிராயத்தைக் காகிதத்தின் தலைப்பில் அச்சிட்டுத் தருவதையும் சொல்லாமல் விடக் கூடாது. மாரடைப்பு என்று அது அச்சிட்டுவிட்டால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குடும்பமே அழ ஆரம்பித்துவிடுகிறது. இயல்பானது என்று அச்சிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டும் தவறாக இருக்கலாம். யந்திரத்துக்கு நோயாளி வியர்ப்பது தெரியாது. செயற்கை அறிவு கொண்ட புதிய கருவிகள் இன்னும் நன்றாகப் படிக்கின்றன என்கிறார்கள், வரட்டும், வரவேற்போம். அவற்றுக்கும் மின்வாயைச் சரியான இடத்தில் வைக்கிற கை வேண்டும்.

பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் இனி எழுந்து கேட்கட்டும். நம் சுகாதார நிலையத்து இ.சி.ஜி. யந்திரம் ஓடுகிறதா? காகிதச் சுருள் கையிருப்பு உண்டா? இரவில் அதை எடுக்கத் தெரிந்த நர்ஸ் யார்? எடுத்த ரேகை எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது, எத்தனை நிமிஷத்தில் பதில் வருகிறது? இரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்கும் வசதி உண்டா? முதல் ரேகை சந்தேகமாயிருந்தால் இரண்டாவது எடுக்கிறார்களா, அல்லது வாயு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்களா? தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கேட்கிற உரிமையோடு இதையும் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாற்பது வயது கடந்தவர்கள், முக்கியமாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள், நெஞ்சுவலி இல்லாத நல்ல நாளில் எடுத்த ரேகை ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். வலி வந்த இரவில் டாக்டருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தக் காகிதத்தில் பெரும்பாலானவை உஷ்ணத்தால் எழுத்து விழும் தினுசு. அலமாரியில் கிடந்தால் நாளடைவில் மங்கி வெள்ளையாகிவிடும். பத்திரமாக இருக்கட்டுமென்று லாமினேஷன் கடையில் கொடுத்தால், சூடுபட்டு முழுவதும் கறுத்துவிடும். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதி எழுதி, கைபேசியிலும் நேராக வைத்து ஒரு படம் பிடித்து, அது எங்கே இருக்கிறதென்று மனைவிக்கும் மகனுக்கும் சொல்லி வையுங்கள்.